வைட்டமின் ஈ: பச்சைக் கேப்ஸ்யூலா, பாதாமா, சூரியகாந்தி விதையா?

வைட்டமின் ஈ-க்காகத் தனியாக ஏதாவது சாப்பிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது மூன்று வழிகள் இருந்தன: மெடிக்கலில் விற்கும் பச்சைக் கேப்ஸ்யூல், ஊறவைத்த பாதாம், சூரியகாந்தி விதை. நாங்கள் விதையைப் பிடித்துக்கொண்டோம். அதனால் கீழே அதன் பக்கம் சாய்வு இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நம் செல்களின் சவ்வில் இருக்கும் கொழுப்பு ஆக்ஸிஜனால் சிதையாமல் காப்பதுதான் இந்த வைட்டமினின் முக்கிய வேலை. அமெரிக்கப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குக் குறைபாட்டு நோய் வருவது அபூர்வம். கொழுப்பைச் சரியாக உறிஞ்ச முடியாத குடல், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும்தான் அந்தக் கவலை.

கேப்ஸ்யூலில் எனக்குள்ள சிக்கல் அதன் அளவுதான். 400 ஐ.யூ. (வைட்டமின்களை அளக்கும் ஒரு சர்வதேச அலகு) என்று போட்டிருக்கும் செயற்கை வகையில், உடம்புக்குப் பயன்படும் கணக்கில் பார்த்தால் சுமார் 180 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது ஒரு நாள் தேவையைப்போலப் பன்னிரண்டு மடங்கு. இதே 400 அளவை வைத்து 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ‘செலக்ட்’ ஆய்வில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது 2011-ல் வெளியானது. தடுக்குமா என்று பார்க்கத் தொடங்கிய ஆய்வு அது! வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. கொழுப்புக் கல்லீரலுக்கு டாக்டரே எழுதிக்கொடுத்தால் அது வேறு கதை; அதில் எனக்கு அனுபவம் இல்லை, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பாதாமைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, விலையைத் தவிர. ஆனால் அந்த விலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 30 கிராம் பாதாமில் ஏழரை மில்லிகிராம் கிடைக்கும். யார் வீட்டில் தினமும் ஆளுக்கு 30 கிராம் தருகிறார்கள்? நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரைக் கிலோ ஆகும். அதனால் ராத்திரி நாலு பருப்பை ஊறவைத்து, காலையில் தோலை உரித்து, ஏதோ பெரிய காரியம் செய்த திருப்தியோடு சாப்பிடுகிறோம். நாலு பாதாமில் இருப்பது ஒன்றேகால் மில்லிகிராம்தான்.

சூரியகாந்தி விதை 30 கிராம் என்றால் ஒரு கைப்பிடி. வறுக்காததில் சுமார் 10 மில்லிகிராம் இருக்கும், வறுத்தால் கொஞ்சம் குறையும். நாங்கள் வாங்கும் கடையில் பாதாம் விலையில் பாதிகூட இல்லை, அதனால் கை தாராளமாகவே போகிறது. ஆனால் கைப்பிடிக்கு 170 கலோரிக்கு மேல் வரும். சாயங்கால மிக்சரை நிறுத்திவிட்டுத்தான் இதைச் சேர்த்தோம். தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலைக்குப் பதில் போட்டாலும் ருசி கெடவில்லை. நிறம்தான் லேசாகச் சாம்பல் தட்டும், வீட்டில் முதல் நாள் ஒருத்தரும் தொடவில்லை.

இதற்கும் ஒரு தொல்லை உண்டு. தோல் நீக்கிய விதை சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். எண்ணெய் கெடும்போது முதலில் செலவாவது அதைக் காத்து நிற்கும் வைட்டமின் ஈ-தான். கசந்துபோன விதையை எதற்காக வாங்கினோமோ அதுவே அதில் குறைந்திருக்கும். கடையில் இரண்டு விதையை வாயில் போட்டுப் பாருங்கள். கிலோ கணக்கில் வேண்டாம், 200 கிராம் வாங்கி இறுக்கமான டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இந்த விஷயத்தில் பாதாம் பரவாயில்லை, வெளியில் வைத்தாலும் தாங்கும்.

சமையல் எண்ணெயிலேயே கிடைக்காதா என்று கேட்பீர்கள். சூரியகாந்தி எண்ணெயில் கிடைக்கும், ஒரு மேசைக்கரண்டிக்கு ஐந்தரை மில்லிகிராம் வரை. ஆனால் வடை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சினால் அந்தக் கணக்கு நிற்காது. வைட்டமின் ஈ-யில் ஆல்ஃபா, காமா என்று பல வகை உண்டு. நல்லெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் காமா வகை; கல்லீரல் ரத்தத்தில் தக்கவைப்பது ஆல்ஃபா வகையைத்தான். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

முகம் பளபளத்ததா, முடி கொட்டுவது நின்றதா என்றால், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உப்புப் போட்டு வறுத்த பாக்கெட்டும் கடையில் தொங்கும். பிரஷர் உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு வெறும் விதையாகவே கேட்டு வாங்குங்கள்.