பிரஷர் டெஸ்ட் கிட்: பழைய ஸ்கிட் ஸ்டீயரின் டிரைவ் கோளாறைக் கண்டறியப் பயன்படுத்திய அனுபவம்

6,000 மணி நேரத்துக்கு மேல் ஓடிய என் ஸ்கிட் ஸ்டீயர் லோடர் (இரு பக்கச் சக்கரங்களையும் தனித்தனி லீவரால் ஓட்டித் திருப்பும் சிறிய மண் அள்ளும் வண்டி), ஆயில் குளிர்ந்திருக்கும் வரை நேராக ஓடும். ஒரு மணி நேரம் மண் தள்ளிய பிறகு இடப்பக்கச் சக்கரங்கள் வலுவிழந்து, வண்டி இடதுபுறமாகவே இழுக்கத் தொடங்கும். பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர் லீவரை இரண்டு முறை அசைத்துவிட்டு, டிரைவ் பம்ப் தேய்ந்துவிட்டது, முழுவதுமாக மாற்ற வேண்டும் என்றார். எதையும் அளக்காமல் சொல்லப்பட்ட அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பம்பை இறக்குவதற்கு முன் அளந்தே பார்த்துவிடுவது என்று தீர்மானித்து, ஹைட்ராலிக் பிரஷர் டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கினேன்.

பெட்டியில் கிளிசரின் நிரப்பிய மூன்று கேஜ்கள் (அழுத்தமானிகள்) உள்ளன: 40 பார், 250 பார், 600 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அவற்றுடன் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மெல்லிய டெஸ்ட் ஹோஸ்கள் மூன்றும், அழுத்தம் இருக்கும்போதே கையால் திருகி இணைக்கக்கூடிய டெஸ்ட் பாயிண்ட்களும் (கேஜ் ஹோஸை மாட்டும் முனைகள்), பல அளவு அடாப்டர்களும் தந்திருக்கிறார்கள். விளம்பரத்திலும் பெட்டியின் மேலட்டையிலும் 600 பார் கேஜுக்கே முதலிடம். 40 பார் கேஜ் கூடுதலாகப் போட்டுக் கொடுத்த பொருளைப் போல ஓரத்தில் கிடக்கிறது. பயன்படுத்திப் பார்த்தபின் என் மதிப்பீடு இதற்கு நேர்மாறானது. டிரைவ் கோளாறைத் தேடுகிறவருக்கு இந்தக் கிட்டின் உயிர் அந்தச் சிறிய கேஜில்தான் இருக்கிறது.

ஏன் என்பதை விளக்க வேண்டும். ஸ்கிட் ஸ்டீயரில் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு ஹைட்ரோஸ்டாட்டிக் சுற்றுகள் (ஆயில் அழுத்தத்தால் சக்கரங்களைச் சுழற்றும் அமைப்புகள்) தனித்தனியே இயங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பம்பும் ஒரு மோட்டாரும் மூடிய வளையமாக இணைந்திருக்கும். வளையத்திலிருந்து உட்கசிவாக வெளியேறும் ஆயிலை ஈடுசெய்ய ஒரு சிறிய சார்ஜ் பம்ப் இரண்டு பக்கங்களுக்கும் பொதுவாக ஆயில் ஊட்டிக்கொண்டே இருக்கும். அதன் அழுத்தம் பெரும்பாலான வண்டிகளில் 15 முதல் 30 பார் வரைதான். பம்போ மோட்டாரோ தேய்ந்தால் கசிவு கூடும். சூடான ஆயில் மெலிந்து அதை மேலும் கூட்டும். ஊட்டும் வேகத்தைக் கசிவு மிஞ்சும்போது சார்ஜ் அழுத்தம் சரியும். ஆகவே தேய்மானத்தைக் கேஜில் காட்டிக்கொடுப்பது சார்ஜ் அழுத்தம்தான். அதை 600 பார் கேஜில் படிக்க முடியாது. கேஜ்களின் மேல் அச்சிட்டுள்ள துல்லிய வகுப்பு 1.6, முழு அளவில் 1.6 சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்பது அதன் பொருள். 600 பார் கேஜில் அது ஏறக்குறைய 10 பார், 40 பார் கேஜிலோ 0.64 பார் மட்டுமே. இருபது பாரைத் தேடும் இடத்தில் பத்து பார் பிழையோடு எந்த முடிவுக்கும் வர இயலாது.

கேஜை மாட்டுவதற்கு முன் எளிய சோதனைகளை முடித்துக்கொண்டேன். ஆயில் மட்டம், ஃபில்டர், லீவர் லிங்கேஜ், டயர்களின் காற்று, பார்க்கிங் பிரேக் உரசல், செயின் இறுக்கம் ஆகிய எதிலும் குறையில்லை. இவற்றைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகப் பம்பைக் குறைசொல்வதுதான் மிகப் பெரிய செலவைத் தரும் தவறு.

ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு அளந்தேன். நியூட்ரலில் சார்ஜ் அழுத்தம் 21 பார். லோடரின் பக்கெட்டை அசையாத மண்மேட்டில் அழுத்தி வலப்பக்க லீவரை மட்டும் தள்ளியபோது 20 பார். இடப்பக்க லீவரைத் தள்ளியதும் 11 பாருக்கு இறங்கியது. பின்னோக்கி இழுத்தபோதும் அதே இறக்கம். இந்த மூன்று அளவுகளுக்குள்ளேயே பெரும்பகுதி விடை இருந்தது. நியூட்ரலில் அழுத்தம் நின்றதால் சார்ஜ் பம்பைச் சந்தேகிக்கத் தேவையில்லை. இரு திசையிலும் ஒரேபோல் இறங்கியதால், ஒரு திசைக்கு மட்டும் பொறுப்பான ரிலீஃப் வால்வும் (மிகையழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வு) காரணமாக இருக்க வாய்ப்பில்லை. எஞ்சியவை இடப்பக்கப் பம்பும் இடப்பக்க மோட்டாரும்தான். 600 பார் கேஜோ வலப்பக்கத்தில் 320 பாரும் இடப்பக்கத்தில் 210 பாரும் காட்டியது. இடப்பக்கம் வலுவிழந்திருக்கிறது என்ற, எனக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியை அது எண்ணாக மாற்றித் தந்தது, அவ்வளவே.

பம்பையும் மோட்டாரையும் பிரித்தறிய, எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை வடித்தபின், மோட்டாருக்கு ஆயில் போகாதபடி இடப்பக்கப் பம்பின் இரண்டு வெளிவழிகளையும் உயர் அழுத்தம் தாங்கும் இரும்பு அடைப்பான்களால் மூடினேன். மீண்டும் இயக்கி லீவரை இரண்டு விநாடி மட்டும் தள்ளியபோது அழுத்தம் தயக்கமின்றி 320 பாரைத் தொட்டது. சார்ஜ் அழுத்தமும் 20 பாரில் நின்றது. அதற்கு மேல் பிடித்திருந்தால் ரிலீஃப் வழியாகச் செல்லும் ஆயில் கடுமையாகச் சூடாகும் என்பதால் நிறுத்திவிட்டேன். பம்ப் குற்றமற்றது. ஹோஸ்களை மீண்டும் பூட்டி, மோட்டாரின் கேஸ் டிரெயின் ஹோஸை (உட்கசிந்த ஆயிலை வெளியேற்றும் ஹோஸ்) ஒரு தனி வாளியில் விட்டுச் சுமையுடன் அளந்தபோது, வலப்பக்கத்தைவிடப் பல மடங்கு ஆயில் இடப்பக்க மோட்டாரிலிருந்து கொட்டியது. பிரித்தபோது அதன் வால்வு தட்டில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமான கீறல்கள் இருந்தன. மாற்ற வேண்டியிருந்தது ஒரு மோட்டார் மட்டுமே. உட்கசிவின் அளவைச் சொல்ல இந்தக் கிட்டில் எதுவும் இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வாளியும் கடிகாரமும் இல்லாமல் இந்தக் கடைசிப் படி முடிந்திருக்காது.

குறைகள் உள்ளன. அடாப்டர்களில் பிஎஸ்பி, மெட்ரிக் மரைகளே மிகுதி. என் வண்டியின் பம்பில் இருந்த ஓ-ரிங் வைத்த நேர்மரைக்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லை, அதைத் தனியாக வாங்கினேன். உடன் வந்த சீல்களில் இரண்டு முதல் நாளே கசிந்தன. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது மெல்லிய ஹோஸின் வழியே முள் மெதுவாகவே நகர்கிறது. அவசரப்பட்டுப் படித்தால் தவறான எண் கிடைக்கும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, 40 பார் கேஜுக்கு மிகையழுத்தத் தடுப்பு எதுவும் இல்லாமல், மூன்று கேஜ்களுக்கும் ஒரே இணைப்பைக் கொடுத்திருப்பதாகும். கை மாறி அதை டிரைவ் வளையத்தில் இணைத்துவிட்டால் கேஜ் அந்த நொடியே பாழாகும், வெடித்து முகத்தில் தெறிக்கவும் கூடும். நான் அதன் ஹோஸில் சிவப்பு நாடா சுற்றி வைத்திருக்கிறேன்.

கையேட்டைப் பொறுத்தவரை பார், பிஎஸ்ஐ மாற்று அட்டவணையைத் தவிர அதில் பயனுள்ளது எதுவும் இல்லை. கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது, ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும், அட்டைத் துண்டைப் பிடித்தே பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையையாவது முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். லிஃப்ட் ஆர்மைத் தூக்கி வைத்து வேலை செய்யும்போது அதன் பூட்டைப் போடுவதையும், அழுத்தம் உள்ள ஹோஸைக் கேபினுக்குள் கொண்டுவராமல் உதவியாளர் ஒருவர் வெளியே தள்ளி நின்று கேஜைப் படிப்பதையும் நான் விதியாகவே கடைப்பிடித்தேன்.

ஒரே ஒரு பழைய வண்டியை வைத்திருப்பவருக்கும் இந்தக் கிட்டைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் 40 பார் கேஜ் இல்லாத மலிவான வகையை வாங்க வேண்டாம், வண்டியின் சார்ஜ் அழுத்த அளவைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக் குறித்துக்கொள்ளாமல் சோதனையைத் தொடங்கவும் வேண்டாம். சார்ஜ் வழியில் ஒரு டெஸ்ட் பாயிண்டை நான் நிரந்தரமாகவே பொருத்திவிட்டேன். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆயில் சூடாக இருக்கும்போது, இரு பக்கங்களையும் அளந்து நோட்டில் எழுதிவருகிறேன். வலப்பக்கத்தில் கடைசியாக எழுதிய எண் 19.5.