அம்மாவுக்கு வசனம் கேட்க வேண்டும் என்று வாங்கிய அசெம்பிள் 5.1 செட்: 8 மாத அனுபவம்

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு ஹால் 11க்கு 14 அடி. மொசைக் தரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி ஷோகேஸ். சாதாரணமாகப் பேசினாலே லேசாக எதிரொலிக்கும். அம்மாவுக்கு 71 வயது, வலது காது மந்தம். படம் ஓடும்போது வசனத்துக்கு வசனம் "என்னடா சொன்னான்?" என்று கேட்பார். முதலில் ஒரு 2.1 சவுண்ட்பார் (இரண்டு சேனல், ஒரு வூஃபர்) வாங்கினேன். சத்தம் கூடியதே தவிர வசனம் தெளியவில்லை. பாட்டு வந்தால் ஜன்னல் அதிர்ந்தது, பேச்சு வந்தால் ரிமோட்டைத் தேட வேண்டியிருந்தது.

அதைக் கொடுத்துவிட்டு, எங்கள் ஊரிலேயே ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) அசெம்பிள் செய்யும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். காது மந்தமானவர்களுக்கு நடு ஸ்பீக்கர்தான் முக்கியம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர். அப்படிப் பதிவான படத்தில் பேச்சின் பெரும்பகுதி அந்த நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதன் சத்தத்தை மட்டும் தனியாக ஏற்றலாம். ஆம்ப், ஐந்து பெட்டி, 10 இன்ச் வூஃபர், வீட்டுக்கு வந்து மாட்டித் தருவது எல்லாம் சேர்த்து 24,500 ரூபாய் ஆனது. மூடியைக் கழற்றி உள்ளே காட்டித்தான் கொடுத்தார்: காப்பர் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், ஒவ்வொரு சேனலுக்கும் சத்தத்தைப் பெருக்க 5200, 1943 என்ற எண் கொண்ட டிரான்சிஸ்டர் ஜோடி, ஆப்டிகல் வயர் சொருகும் இடமுள்ள, ஒலியை ஐந்து ஸ்பீக்கருக்கும் வூஃபருக்கும் பிரித்துத் தரும் டிகோடர் போர்டு. அலுமினியம் சுற்றியது விலை குறைவு, ஆனால் சீக்கிரம் சூடேறும். வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

மாட்டிய அன்றே "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். செட்டாப் பாக்ஸிலிருந்து சிவப்பு வெள்ளை வயரை நேராக ஆம்ப்பில் கொடுத்திருந்தோம். அண்ணன் ஆம்ப்பைத் தொடவே இல்லை. பாக்ஸின் பின்னால் இருந்த கேபிள் வயரைப் பிடுங்கினார், இரைச்சல் சட்டென்று நின்றது. கேபிள் வயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் நடுவில் கரண்ட் ஓடும், அதுதான் இப்படிக் கேட்கும். அதனால் பாக்ஸை எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குக் கொடுத்து, டிவியிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் இழுத்தார். ஆப்டிகலில் போவது வெளிச்சம்தான், எர்த் தொடர்பே கிடையாது. அன்றைக்குப் பிறகு இரைச்சல் வரவே இல்லை.

அப்புறமும் பாட்டுக்கு அடி (பாஸ்) இல்லை, குரல் எங்கிருந்தோ வருவது போல இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு 1.5 வோல்ட் பேட்டரி செல்லை எடுத்தார். ஆம்ப் பக்கம் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, பிளஸ்ஸை பிளஸ்ஸுக்கும் மைனஸை மைனஸுக்கும் ஒரு நொடி தொட்டார். "டக்". வலது ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) வெளியே தள்ளியது. இடதில் தொட்டபோது கோன் உள்ளே போனது. "பார்த்தீங்களா தம்பி, ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. ரெண்டும் சேர்ந்து பாஸைத் தின்னுடும்" என்றார். இடது பெட்டியில் வயரை மாற்றி முறுக்கியதும் குரல் டிவிக்கு நேர் நடுவில் வந்து உட்கார்ந்தது. மூன்று நிமிட வேலை. இதைப் பார்க்காமல் எத்தனை வீடுகளில் நல்ல ஸ்பீக்கரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ!

வூஃபரை நான் மூலையில் வைத்திருந்தேன், பாஸ் தெளிவில்லாமல் கும்மென்று கேட்டது. அவர் அதைத் தூக்கி அம்மா உட்காரும் சோபாவில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்டுக்கொண்டே போனார். பாஸ் சீராகக் கேட்ட இடம் டிவி ஸ்டாண்டுக்கு இடது பக்கம், சுவரிலிருந்து ஒன்றரை அடி. வூஃபரை அங்கேயே வைத்துவிட்டார். பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் பக்கச் சுவரில், சோபாவுக்குச் சற்றுப் பின்னால், உட்கார்ந்தால் காதுக்கு மேலே இரண்டடி உயரத்தில் இருக்கின்றன.

மூன்றாம் நாள் ஓடிடி படம் போட்டேன். ஆம்ப் டிஸ்ப்ளேயில் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று காட்டி முன் இரண்டு மட்டும் பாடின. போனில் கேட்டேன். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை பிசிஎம்மிலிருந்து டால்பி டிஜிட்டலுக்கு (5.1 ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) மாற்றச் சொன்னார். ஆப்டிகல் வழியாக பிசிஎம் இரண்டு சேனல்தான் போகும். மாற்றியதும் ஐந்தும் எழுந்தன.

குறைகளும் உண்டு. கம்பெனி ஆம்ப்பில் வருவது போல மைக் வைத்துத் தானாக அளவெடுக்கும் வசதி இல்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் ரிமோட்டில் கையால்தான் ஏற்றி இறக்க வேண்டும். நீல டிஸ்ப்ளே இருட்டில் கண்ணைக் கூசுகிறது, கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. வாரண்டி ஒரு வருஷம், அதுவும் அவர் கையால் எழுதிய சீட்டுதான்.

அம்மா விரும்பிப் பார்ப்பது பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அவை மோனோ, அதாவது ஒரே சேனல் ஒலி. இரண்டு சேனல் ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் ப்ரோலாஜிக் மோடில் போட்டால் பேச்சு முழுக்க நடு ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. அதை மற்றவற்றைவிட நான்கு புள்ளி ஏற்றி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு நகைச்சுவைக் காட்சிக்கு, நான் சிரிப்பதற்கு முன்னாலேயே அம்மா சிரித்தார்.

பின் ஸ்பீக்கர் வயர் இன்னும் சுவரில் தொங்குகிறது. கேசிங் போட்டு மறைக்க அண்ணனையே வரச் சொல்லியிருக்கிறேன்.