ஏழு பருவம், மூன்று பிளாங்க்: பிக்கரலுக்குத் தூண்டில் தடி கட்டிய அனுபவம்

ஒன்ராறியோவில் வால்ஐ மீனைப் பெரும்பாலானோர் பிக்கரல் என்றுதான் சொல்வார்கள். உண்மையான பிக்கரல் பைக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு மீன். ஆனாலும் கடை, படகு, சமையலறை என்று எல்லா இடத்திலும் அந்தப் பெயர் ஊறிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். இந்த ஒரு மீனுக்காக இதுவரை மூன்று தடிகள் கட்டியிருக்கிறேன். முதலாவது இரண்டாம் பருவத்தில் முறிந்தது. இரண்டாவதை ஒரு பருவம் பாவித்துவிட்டு நண்பரிடம் கொடுத்தேன். மூன்றாவதோடு நான்கு பருவம் முடிந்துவிட்டது, இன்னும் அதைத்தான் எடுத்துப் போகிறேன். மூன்றுக்கும் ரீல் ஒன்று, பின்னல் இழையான பிரெய்ட் நூல் ஒன்று, போன இடமும் ஒன்று. பெரிதாக மாறியது பிளாங்க்தான். அதனால் பிளாங்க் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

கைப்பிடி, ரீலைப் பூட்டும் ரீல் சீட், நூல் ஓடும் வளையம் எதுவும் பொருத்தாத வெறும் கார்பன் குழாய்தான் பிளாங்க். மற்றவற்றைப் பிறகு கழற்றி மாற்றலாம். இது பிழைத்தால் எல்லாம் பிழைத்த மாதிரி.

நான் மீன் பிடிப்பது அதிகமும் ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் உள்ள குவின்டி குடாவில். அங்கே மே மாதத்து முதல் சனிக்கிழமை பருவம் திறக்கும். ட்ரென்ட், மொய்ரா போன்ற ஆறுகளில் முட்டையிட்ட மீன்கள் குடாவுக்குத் திரும்பி வருகிற நேரம் அது. நண்பர் ஒருவரின் சிறிய படகில் இரண்டு பேர் போவோம். 10 முதல் 25 அடி ஆழம், 1/8 அவுன்ஸிலிருந்து 3/8 அவுன்ஸ் வரை ஈயத்தலை ஜிக், அதன் முள்ளில் ஒரு சின்ன மீன் அல்லது ரப்பர் வால். என் மீன்பிடியில் பத்துக்கு எட்டு நாள் இதுதான். இந்த ஒரு வரியை முதல் பிளாங்க் வாங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் எனக்கு இரண்டு தடியின் செலவு மிஞ்சியிருக்கும்.

பிக்கரல் கவ்வுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய தண்ணீரிலும் அதற்கு நன்றாகத் தெரியும். இரையின் பின்னால் வந்து, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உள்ளே உறிஞ்சும். பாஸ் மீன் மாதிரி வெட்டி இழுப்பது குறைவு. படகுக்காரர் எனக்கு முதல் நாளே சொன்னார்: "தம்பி, இது தட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்காதை. ஜிக்கின்ர பாரம் திடீரென்று குறையும், இல்லாட்டி கூடும். அப்ப இழு." பாரத்தில் வரும் அந்தச் சின்ன மாற்றம் கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

முதல் பிளாங்கைக் கடையில் கையால் ஆட்டிப் பார்த்து எடுத்தேன். 7 அடி, மீடியம் பவர், எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் அக்‌ஷன், விறைப்புக் கூடிய உயர்ந்த மொடுலஸ் கார்பன். பவர் என்பது தடி எவ்வளவு பாரத்துக்கு வளையும் என்பது, அக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளையும் என்பது. ஆட்டியதும் நுனி டக்கென்று நின்றது. இறகு போலப் பாரமே இல்லை. விலையும் அதற்கேற்ற விலை. ஆசையோடு கட்டி, மே மாதம் கொண்டு போனேன். 3/8 அவுன்ஸ் ஜிக்கில் அருமையாக இருந்தது, அடியில் கல்லா சேறா என்று கூடச் சொல்லலாம். ஆனால் அந்தக் குடாவில் காற்றில்லாத காலையில் நாங்கள் போடுவது 1/8, 1/4. அந்தப் பாரத்துக்கு இந்தத் தடி வளையவே இல்லை. ஜிக் கீழே இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எறிந்தாலும் தூரம் போகாது. அதைவிட மோசம், கொளுவிய மீனைப் படகுக்கு அருகில் விட்டுவிடுவது. பிரெய்ட் நூலுக்கு இழுபடும் தன்மை இல்லை. தடியும் விறைப்பு. மீன் தலையை ஆட்டும் ஒவ்வொரு தடவையும் முள் குத்திய ஓட்டை பெரிதாகி, கடைசியில் முள் கழன்று வந்துவிடும். அந்தப் பருவத்தில் வலைக்குள் வந்ததை விட, வலைக்குப் பக்கத்தில் போனவைதான் இன்னும் நினைவில் நிற்கின்றன.

ஆட்டிப் பார்ப்பது ஏன் ஏமாற்றுகிறது என்று பிறகு புரிந்தது. வெறும் பிளாங்கின் நுனியில் எந்தப் பாரமும் கிடையாது. வளையம், அதைக் கட்டும் நூல், எபொக்ஸிப் பசை எல்லாம் ஏறிய பிறகு அது வேறு சாமான். நுனியில் ஏறும் ஒவ்வொரு கிராமும் அதன் வேகத்தைக் குறைக்கும். அதோடு, நாம் கையால் ஆட்டும்போது தெரிவது எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பது. மீன் இழுக்கும்போது எவ்வளவு வளையும் என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் என் முதல் தவறு.

அந்தத் தடி அடுத்த ஒக்டோபரில் முறிந்தது. படகுக்கு அருகில் வந்த மீனைத் தூக்க, தடியை நேர் மேலே நிமிர்த்தினேன். வளைவு முழுவதும் நுனிக்குப் போய், மேலிருந்து ஒரு முழ நீளத்தில் வெடித்தது. செய்தவரைக் குறை சொல்ல இடமில்லை, நான் பிடித்த விதம் பிழை. அதற்கு முன் சில தடவை ஈய ஜிக் குழாயில் அடித்ததும் நினைவிருக்கிறது. உயர்ந்த மொடுலஸ் பிளாங்கின் சுவர் மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல், பல நாள் கழித்து முறிவாக வரும். படகில் இரண்டு பேர், கால் வைக்க இடமில்லாத நெருக்கம், இருட்டு, குளிர்: இப்படிப் பாவிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மொடுலஸ் என்பது நாரின் விறைப்பு. அதே விறைப்பைக் குறைந்த நாரில், குறைந்த பாரத்தில் கொண்டுவர அது உதவுகிறது, அவ்வளவுதான். ஐஎம்6 என்று தடிகளில் அச்சடித்திருப்பார்களே, அது ஹெர்குலிஸ் கம்பனி தன் நாருக்கு வைத்த வணிகப் பெயர். தரத்துக்கான அளவுகோல் அல்ல. ஐஎம்8, ஐஎம்10 என்று எண் கூடக்கூடத் தடி நல்லது என்று நம்பித்தான் நானும் முதல் தடவை பணம் கொடுத்தேன்.

இரண்டாவது தடவை எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். 6 அடி 6 அங்குலம், மீடியம் லைட், மொடரேட் அக்‌ஷன், மலிவான கார்பன். 1/8 ஜிக் அழகாகப் போனது. கொளுவிய மீன் கழன்றதே அரிது, அரைத் தடி வளைந்து ஆட்டத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆனால் காற்று எழும்பி, 20 அடிக்கு மேல் 3/8 போட வேண்டி வந்ததும் கையில் ஒன்றும் இல்லை. ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. படகுக்காரர் மூன்று மீன் பிடித்தபோது நான் மூன்று மண்புழுவைப் பறிகொடுத்தேன். அந்தத் தடியை இப்போது என் நண்பர் மிதப்புக் கட்டி மீன் பிடிக்கப் பாவிக்கிறார். அந்த வேலைக்கு அது உண்மையிலேயே நல்ல தடி.

மூன்றாவதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்கப் பொறுத்திருந்தேன். பவர், அக்‌ஷன் என்று பிளாங்கில் எழுதியிருப்பதற்குப் பொதுவான அளவு எதுவும் இல்லை. ஒருவரின் மீடியம் லைட் இன்னொருவரின் மீடியம். அதை எண்ணாக அளக்க ஒரு வழி இருக்கிறது. வில்லியம் ஹன்னிமன் என்பவர் 2000களின் தொடக்கத்தில் கொடுத்த கொமன் சென்ட்ஸ் முறை. பெயரிலேயே இருக்கிறது, சில்லறைக் காசால் அளப்பது. பிளாங்கின் கைப்பிடிப் பக்கத்தைக் கிடையாக இறுக்கிக் கட்ட வேண்டும். நுனியில் ஒரு சின்னப் பையைத் தொங்கவிட்டு, அதற்குள் அமெரிக்க ஒரு சதக் காசுகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். தடியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி கீழே இறங்கும்போது நிறுத்த வேண்டும். எத்தனை காசு என்பது பவர். அந்த நிலையில் நுனி கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது அக்‌ஷன். கோணம் பெரிதென்றால் வளைவு நுனியோடு நிற்கிறது, சிறிதென்றால் தடி முழுதும் வளைகிறது.

கனடாவில் 2013 இல் ஒரு சதத்தை நிறுத்திவிட்டார்கள். நான் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் உள்ள பஃபலோவுக்குப் போன ஒரு நாள் கடைகளில் சில்லறை மாற்றி வாங்கி வந்தேன். 1982க்குப் பிந்திய அமெரிக்கக் காசு ஒன்று 2.5 கிராம், அதனால் சமையலறைத் தராசில் நிறை பார்த்தும் கணக்கிடலாம். முதலில் என் இரண்டாவது தடியை அளந்தேன். 6 அடி 6 அங்குலம் என்றால் 78 அங்குலம், நுனி 26 அங்குலம் இறங்க வேண்டும். 68 காசு எடுத்தது, கோணம் 62. அதே நீளத்தில், அதே மீடியம் லைட் என்ற பெயரில், நண்பர் வைத்திருந்த வேறொரு தயாரிப்புக்கு 97 காசு. ஒரே பெயரை எழுதிய இரண்டு குழாய்க்குள் இவ்வளவு இடைவெளி. அன்றைக்குப் பிறகு எழுத்தைப் பார்த்து நான் பிளாங்க் வாங்குவதில்லை.

எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில், 80 - 85 காசு, கோணம் 70ஐத் தாண்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். தடி கட்டும் சாமான் விற்கும் கடையில் முன்கூட்டியே கேட்டு, ஒரு வார நாள் காலையில் போய் ஐந்து பிளாங்க் அளந்தேன். கடைக்காரர் தானே வந்து பிடித்துத் தந்தார். நான்காவது பொருந்தியது: 6 அடி 6 அங்குலம், ஒரே துண்டு, நடுத்தர மொடுலஸ், 83 காசு, 72 பாகை. கடையில் ஆட்டிப் பார்த்திருந்தால் இதை எடுத்திருக்கவே மாட்டேன், பக்கத்தில் இருந்த விலை கூடியது இன்னும் உசாராக இருந்தது.

கட்டும்போது நான் அதிகம் கவனித்தது வளையங்களின் பாரம். முதல் தடியில் இரண்டு கால் உள்ள வளையங்கள் போட்டிருந்தேன். இதில் ரீலுக்கு அருகில் உள்ளதைத் தவிர எல்லாம் ஒற்றைக் கால். தராசில் வைத்தால் பாதிப் பாரம்கூட இல்லை. மிகச் சிறிய மைக்ரோ வளையம் இன்னும் இலேசு என்று பலர் சொன்னார்கள். நான் போடவில்லை, அது சரியான முடிவு. குவின்டியில் நவம்பர் மாதம் பிரெய்ட் நூல் கொண்டுவரும் தண்ணீர் வளையத்தில் பனிக்கட்டியாகிவிடும். நுனியில் 5 மில்லிமீற்றர் அளவு வளையம் போட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருக்கா விரலால் உடைக்க வேண்டியிருக்கிறது. குழாயின் ஸ்பைன், அதாவது விறைப்புக் கூடிய பக்கம், எது என்று தேடி முதல் இரண்டு தடிக்கும் நேரம் செலவழித்தேன். இதற்கு நேராக இருக்கும் பக்கத்தைப் பார்த்து வளையம் கட்டினேன், பாவனையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நான்கு பருவத்துக்குப் பிறகு நிலைமை இது. 1/4 அவுன்ஸ் ஜிக்கில் இதைப் போன்ற தடியை நான் பிடித்ததில்லை. பாரம் குறைவது, கூடுவது, களைச்செடியில் உரசுவது மூன்றும் வேறு வேறாகத் தெரியும். 1/8இல் கொஞ்சம் குறை, காற்றடித்தால் ஜிக்கின் பாரம் கைக்குத் தெரியாது. 3/8 வரை சரி. மீன் கழன்று போவது முதல் தடியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கடந்த நவம்பரில் ஏரியிலிருந்து குடாவுக்குள் வந்த ஒரு பெரியது, 70 சென்டிமீற்றருக்கு மேல், பத்து நிமிடம் தடியை அரைவட்டமாக்கி வைத்திருந்தது. அளந்து, படம் எடுத்துவிட்டு விட்டோம். சொதிக்கு 45 சென்டிமீற்றர் மீன்தான் ருசி.

குறைகளும் உண்டு. ஒரே துண்டு என்பதால் காரில் முன் இருக்கையைச் சாய்த்து வைத்துத்தான் கொண்டு போகலாம். பேருந்தில் போகிறவருக்கு இரண்டு துண்டுதான் வழி, இப்போதைய பொருத்துகளில் உணர்வு பெரிதாகக் குறைவதில்லை. தக்கைக் கைப்பிடியில் இரண்டு இடம் குழி விழுந்துவிட்டது, மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். கரையில் நின்று எறிய 6 அடி 6 அங்குலம் கட்டை, அதற்கு 7 அடியைத் தாண்ட வேண்டும். ஏப்ரலில் டெட்ரொயிட் ஆற்றுக்கு ஒரு தடவை கொண்டுபோய் ஏமாந்தேன். அங்கே ஓட்டம் வேகம், 1/2 அவுன்ஸுக்குக் கீழே போட்டால் ஜிக் தரையைத் தொடாது. படகுக்கு நேர் கீழே இறக்கி ஏற்றும் அந்த முறைக்கு இந்தத் தடி தொய்வு. ஜிக்கைத் தூக்குவதற்குள்ளேயே பாதி வளைந்துவிடுகிறது.

அதற்காக நான்காவது ஒன்று இந்தக் குளிர்காலத்தில் கட்டப் போகிறேன். 6 அடி போதும், அதைவிட நீளம் நெருக்கமான படகில் இடைஞ்சல். 3/4 அவுன்ஸைத் தொங்கவிட்டால் நுனி மட்டும் இலேசாகக் குனிந்து நிற்க வேண்டும். காசுக் கணக்கில் 120க்கு மேல் வரும் என்று நினைக்கிறேன். பழைய முறிந்த தடியின் கைப்பிடிப் பக்கத்தை அளந்து வைத்திருக்கிறேன், அதில் இருந்த ரீல் சீட்டைக் கழற்றி இதற்குப் போடலாம். காசுப் பை காருக்குள்ளேயே இருக்கிறது. வருகிற சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.