பாண்டியில் அரிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

6,80,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கார் என் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. ரோட்டில் எடுக்க முடியாது. விற்க முடியாது. என் பெயருக்கு மாற்றவும் முடியாது. இன்று காலை அதை எனக்கு விற்ற கடைக்காரர்கள் இன்னொரு வண்டிக்கு அச்சு அசலாக அதே வாசகத்தைப் போட்டு விளம்பரம் விட்டிருக்கிறார்கள்: "சிங்கிள் ஓனர், சொல்தா வீட்டு வண்டி, ரேர் பீஸ்." (சொல்தா என்றால் யார் என்று கீழே சொல்கிறேன்.) பார்த்ததும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். அங்கங்கே வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. வழக்குப் போடப் போகிறேன், இப்போது பெயரை எழுதாதே என்று வக்கீல் சொல்லிவிட்டார். புதுச்சேரியில் ஈ.சி.ஆர். பக்கம், கண்ணாடி முகப்பும் பளபள டைல்ஸுமாக, உயர்ரகப் பழைய கார்களை விற்கிற கடை. அவ்வளவு போதும். இந்த மாதிரி வண்டி வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி சான் ஸ்டார்ம். பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கோவாவில் சின்ன அளவில் செய்த இரண்டு சீட் கார். கூரையைத் திறந்துவிட்டு ஓட்டலாம். உடம்பு ஃபைபர், உள்ளே ரெனோவின் 1149 சி.சி. பெட்ரோல் எஞ்சின், சுமார் 60 குதிரைத் திறன். காலேஜ் படிக்கும்போது பெங்களூரில் ஒன்றைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு கண். ஸ்விஃப்ட்டுக்கே இதைவிடப் பவர் அதிகம், இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தரையோடு தரையாக உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்க, காலாப்பட்டுப் பக்கம் ஓட்டிப் பார்த்தபோது அறுபதில் போவதே நூறில் போவதுபோல இருந்தது. கோபத்திலும் அதை மறைக்க மாட்டேன், ஓட்ட அருமையான வண்டி.

அந்த ஓட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோதே எஞ்சின் சூடாக இருந்தது. "உங்களுக்காகத்தான் சார் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன், ரொம்ப நாள் நின்ன வண்டி பாருங்க" என்றார் அந்தக் கடைப் பையன். பையன் என்கிறேன், முப்பது வயது இருக்கும். தங்கமான பேச்சு. நான் கடலூர் என்று சொன்னதும் "அடடே, என் மாமியார் வீடு திருப்பாப்புலியூர்தான் சார்" என்றார். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஒரு பழைய போட்டோ ஆல்பத்தை எடுத்து வந்தார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிறவர்களைப் பாண்டியில் சொல்தா என்போம். சொல்தா வீட்டுப் பொருள் என்றால் ஊரில் ஒரு மதிப்பு உண்டு, பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று. ஆல்பத்தில் ஒரு பெரியவர், தலையில் பிரெஞ்சுத் தொப்பி, சிவப்பு நிறச் சான் ஸ்டார்ம் பக்கத்தில் நிற்கிறார். "இவரு வண்டிதான் சார். வெயில் படாம ஷெட்ல வெச்சிருந்தாரு. இப்ப தாத்தா தவறிட்டாரு, பொண்ணு பிரான்ஸுக்கே போறாங்க, அதான் குடுக்குறாங்க."

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதே என்று கேட்டேன். என் பயமே அதுதான். அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தார். "பேரன் பாரிஸ்ல இருக்காரு சார். வரும்போதெல்லாம் சூட்கேஸ்ல கொண்டாந்து குடுப்பாரு. உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்." சொல்லிவிட்டு மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினார். பிரெஞ்சில் லேபிள், உள்ளே புது டைமிங் பெல்ட், எஞ்சினில் ஓடுகிற பல் வைத்த பெல்ட். "இதுவும் வண்டியோட வருது."

நான் விழுந்தது அந்தப் பெட்டியில்தான். பாண்டியில் பிரான்ஸ் சொந்தம் இருக்கிற வீடுகள் எத்தனையோ. மருந்து, சென்ட், சாக்லேட் எல்லாம் சூட்கேஸில் வருவது நமக்குப் புதிதா? பெல்ட்டும் வரும் என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

ஆர்.சி. புத்தகம் எங்கே என்று என் மனைவி கேட்டாள். "ரினியூவலுக்குப் போயிருக்கு மேடம், ரெண்டு வாரத்துல கைக்கு வந்துடும்" என்று ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார். தேதி இருக்கிற வரி மட்டும் மங்கலாக இருந்தது. லோன் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றதற்குத் தன் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். லோன் இல்லை, ஓனர் ஒருவர் என்று அதில் இருந்தது. மேலே வண்டி நம்பர் வர வேண்டிய இடம் வெட்டப்பட்டிருந்தது.

பணம் இரண்டாகப் போனது. 25,000 கடைக் கணக்குக்கு, "சர்வீஸ் சார்ஜ்" என்று ரசீது. மீதி 6,55,000 "பெரியவரோட பொண்ணு அக்கவுன்ட்டுக்கு". மொத்தம் 6,80,000. டிரான்ஸ்ஃபர் ஆனதும் கை குலுக்கி, மாலை போட்டு, வண்டியோடு என்னைப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ இன்னும் அவர்கள் இணையப் பக்கத்தில் "மகிழ்ச்சியான வாடிக்கையாளர்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. கடலூர் வந்து மெக்கானிக்கிடம் விட்டால், தலையைச் சொறிந்துகொண்டு முதலில் அந்த பெல்ட் பெட்டியைத்தான் பிரித்தார். பல்லை எண்ணினார், அகலத்தை அளந்தார். "சார், இது டஸ்டர் டீசலுக்குப் போடுற பெல்ட். உங்க எஞ்சினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அடுத்தது உடம்பு. முன்பக்க இடது மட்கார்டில் முடி போல விரிசல்கள். கார் பெயின்டர்கள் ஃபைபர் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு ரிப்பேர் செய்கிற என் பங்காளி ஒருவன் இருக்கிறான். சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரையில் ஃபைபர் படகு பெருகியதிலிருந்து அவனுக்கு அதுதான் தொழில். அவனை அழைத்து வந்தேன். பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் பானெட்டிலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். டிக், டிக், டிக். முன் சக்கரத்துக்கு மேலே வந்ததும் சத்தம் மாறிப் பொத், பொத் என்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பெயின்டுக்குக் கீழே கட்டைவிரல் கனத்துக்குப் பட்டி. கீழே படுத்து உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் புது ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ரெசின் பூசிய இடம் வேறு நிறத்தில் தெரிகிறது. மோந்து பார்க்கச் சொன்னான். ரெசின் வாடை அப்போதும் போகவில்லை. "அண்ணே, பாறையில ஏத்துன படகு மாதிரி இருக்கு. முன்பக்கம் மொத்தமா ஒடைஞ்சு ஒட்டுனது. கீழ இரும்புச் சட்டமும் வளைஞ்சிருக்கு, வெல்டு அடிச்சிருக்கானுவ பாரு."

ரெண்டு வாரம் ஆர்.சி. வருமென்று பார்த்துவிட்டு, நூறடி ரோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானே போனேன். அங்கே திரையில் வந்ததைப் படித்தார்கள். நான்காவது ஓனர். பெயர் எந்தச் சொல்தாவுடையதும் இல்லை. பதிவு 2008, பதினைந்து வருஷம் 2023-லேயே முடிந்துவிட்டது. ரினியூவலுக்கு யாரும் விண்ணப்பிக்கவே இல்லை. அதோடு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் கடன் பதிவு அப்படியே நிற்கிறது. கடன் கொடுத்தவர் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்தால்தான் அது நீங்கும். பதிவைப் புதுப்பிக்க 5,000, தாமதத்துக்கு மாதம் 500, அதற்கு மேல் வண்டியை நேரில் காட்டி இன்ஸ்பெக்‌ஷன். வளைந்த சட்டத்தோடு எங்கே காட்டுவது? இதெல்லாம் முடிந்த பிறகுதான் பெயர் மாற்றம், தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்குகிற படிவம் 28, இங்கே ரோடு டாக்ஸ்.

இப்போது கடைக்காரர்கள் பேசிய அழகைக் கேளுங்கள்.

முதல் போனில் "ஃபைபர் வண்டின்னா விரிசல் இருக்கும் சார், அதுதான் ஒரிஜினல்ங்கிறதுக்கு அடையாளம்." அடுத்த போனில் "ரெனோதானே சார், ஷோரூம்ல விட்டா பார்த்துடுவாங்க." டஸ்டர், க்விட் எதிலும் இந்த எஞ்சின் வரவில்லை, அவர்கள் எங்கே பாகம் வைத்திருப்பார்கள் என்று கேட்டேன். லைன் கட். ஆர்.சி. பற்றிக் கேட்டால் ஏஜென்ட் கையில் இருக்கிறது, ஏஜென்டுக்கு டெங்கு, முதலாளி சென்னை போயிருக்கிறார், முதலாளி வந்துவிட்டார் ஆனால் மீட்டிங்கில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் விழாது. நேரில் போனால் திருப்பாப்புலியூர் மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகிறார், இன்னொருவர் வந்து மறுபடியும் டீ கொடுக்கிறார். எனக்கு டீ வேண்டாம், 6,80,000 வேண்டும் என்றேன்.

கடைசியாக முதலாளி வந்தார். கோபமே இல்லை, சிரித்த முகம். "சார், நாங்க பார்க் அண்ட் சேல். எடம் குடுத்தோம், அவ்ளோதான். எங்க ரசீதைப் பாருங்க, 25,000 சர்வீஸ் சார்ஜ்னுதானே இருக்கு? மீதி நீங்களும் ஓனரும் பேசிக்கணும்." எந்த ஓனர்? பிரான்ஸ் போன பொண்ணா? அந்த அக்கவுன்ட் யாருடையது என்று கேட்டதற்கு "அது கஸ்டமர் பிரைவசி சார்." ஆல்பத்தில் இருந்த தாத்தா யார் என்றேன். "எந்த ஆல்பம்?"

போகும்போது ஒன்று சொன்னார் பாருங்கள், அதுதான் இன்னும் காதில் நிற்கிறது. "ரேர் வண்டி சார், கையில வெச்சிருந்தா பத்து லட்சம் போகும்."

இந்த வண்டி அந்த விலைக்குத் தகுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குறைந்த எண்ணிக்கையில் செய்கிற கார்களுக்கு விலை ஏறுவதில் நியாயமான காரணமும் உண்டு. தகட்டு உடம்பு செய்யப் பெரிய பிரெஸ்ஸும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி டையும் (தகட்டை அழுத்தி வடிவமாக்குகிற இரும்பு அச்சு) வேண்டும். லட்சக்கணக்கில் விற்றால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். கொஞ்சமாகச் செய்கிறவர்கள் அச்சில் ஃபைபர் மேட்டை வைத்துக் கையால் உடம்பைச் செய்து, எஞ்சினை வெளியே வாங்குவார்கள். பேர்போன இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி லோட்டஸே 1996-ல் எலீஸ் காரை ரோவர் எஞ்சினோடுதான் விற்றது, பிறகுதான் டொயோட்டாவுக்கு மாறியது. அதில் தப்பில்லை. ஆனால் இரவல் எஞ்சின் நம் ஊரில் ஓடுகிற எஞ்சினாக இருக்க வேண்டும். கிளியோ, ட்விங்கோ என்று ஐரோப்பாவில் ஓடிய வண்டிகளின் எஞ்சினுக்குக் கடலூரில் வாட்டர் பம்ப் தேடுகிறவன் நிலைமை என்ன?

அதைவிடப் பெரிய விஷயம் விலை. ஸ்விஃப்ட் வாங்கினால் உட்கார்ந்த இடத்தில் ஐம்பது விளம்பரம் பார்த்து, எந்த வருஷத்து வண்டிக்கு எவ்வளவு என்று நாமே ஒரு கணக்குக்கு வந்துவிடலாம். இதற்கு ஒத்துப் பார்க்க இன்னொரு வண்டி கிடையாது. கேட்டுப் பார்க்க மெக்கானிக் கிடையாது. விற்கிறவன் வாயில் வருவதுதான் விலை. 6,80,000 என்றான், 6,80,000 ஆனது. நல்ல நிலையில், காகிதம் சுத்தமாக இருந்தால்கூட இதில் பாதிக்கு மேல் நான் இன்று கொடுக்க மாட்டேன். மீதிப் பாதியைப் பாகத்துக்கும் ஃபைபர் வேலைக்கும் ஒதுக்கி வைப்பேன். உடைந்து ஒட்டிய வண்டிக்கு? ஒரு லட்சம்கூட அதிகம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. விவரத்தை உங்கள் போனில், நீங்களே நம்பரைத் தட்டி மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பாருங்கள், ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். எஞ்சினை ஆறவிட்டு, உங்கள் கண்முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், முன்பே சூடாக்கி வைத்தால் கோளாறு மறைந்துவிடும். ஃபைபர் வண்டி என்றால் படகு ரிப்பேர்காரரைக் கூட்டிப் போங்கள், கார் மெக்கானிக்கைவிட அவருக்குத் தெரியும். ஆர்.சி.யில் இருக்கிற பெயருக்கு அல்லாமல் வேறு யார் கணக்குக்கும் பணம் போடாதீர்கள். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். "பார்க் அண்ட் சேல்" என்ற வார்த்தை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். கடை பாண்டியில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஐந்திலிருந்து பத்து லட்சம் வரைக்கும் கட்டணம் 200 ரூபாய்தான். நான் கடலூரில் போடுகிறேன். பேங்க் ஸ்டேட்மென்ட், 25,000 ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் பிரின்ட் எடுத்தாகிவிட்டது, பங்காளி தேய்த்த இடத்தைப் போட்டோ எடுக்கிற வேலைதான் பாக்கி. அதே கடையில், அதே மாதிரி "சொல்தா வீட்டு வண்டி" வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து போடலாம்.