நீயும் நீங்களும் ஒன்றாகிப்போன ‘டெம்பெஸ்ட்’: ஒரு மாணவர் பதிப்பின் மதிப்புரை

ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்துக்கு வந்துள்ள மலிவு விலை மாணவர் பதிப்பு ஒன்றை, ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகளுக்காக வாங்கினேன். தேர்வுக்கு வேண்டிய பக்கங்களில் கோடிட்டுவிட்டு அவள் அதை ஓரமாக வைத்துவிட்டாள். அட்டை முதல் அட்டை வரை படித்தவன் நானாகிவிட்டேன். குறைகளையும் சொல்லப்போவதால் பதிப்பகத்தின் பெயரை விட்டுவிடுகிறேன்.

நூலின் அமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. இடப்பக்கத்தில் மூலமும் வலப்பக்கத்தில் அருஞ்சொற்பொருளும் எதிரெதிரே இருப்பதால் பக்கம் புரட்டித் தேட வேண்டியதில்லை. எழுத்து பெரியது, கட்டும் உறுதியானது. தாள் மட்டும் மெலிது, பேனாவால் எழுதினால் மறுபக்கத்தில் மை ஊறித் தெரிகிறது. 1611 நவம்பர் 1 அன்று முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அவையில் நாடகம் நடிக்கப்பட்டதையும், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 முதல் தொகுப்பில்தான் அது முதன்முதலாக அச்சேறியதையும் முன்னுரை சுருக்கமாகவும் சரியாகவும் சொல்கிறது.

என் மனக்குறை வேறு. யார் யாரை ஏவுகிறார், யார் எதனால் பணிகிறார் என்ற கேள்வியை இந்த நாடகம் முதல் காட்சியிலேயே எழுப்பிவிடுகிறது. புயலில் சிக்கிய கப்பலின் மேல்தளத்தில் மன்னரும் பிரபுக்களும் குறுக்கே நிற்க, இந்த அலைகளுக்கு அரசன் பெயர் ஒரு பொருட்டா என்று கேட்டு அவர்களைக் கீழே போகச் சொல்கிறான் மாலுமிகளை மேய்க்கும் தண்டல். இதற்கு இப்பதிப்பு தரும் குறிப்பு, ‘அலைகள் இரைகின்றன’ என்பதோடு முடிந்துவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இதைவிடப் பெரிய இழப்பு, அக்கால ஆங்கிலத்தில் ஒருமையான ‘தௌ’, மரியாதையான ‘யூ’ ஆகிய இரு விளிகளையும் ‘நீ’ என்ற ஒரே பொருளில் அடைத்திருப்பதுதான். மிராண்டா, ஆட்சியை இழந்து ஒரு தீவில் தன்னோடு வாழும் மந்திரக்காரத் தந்தை பிராஸ்பரோவிடம் ‘யூ’ என்று மரியாதையாகப் பேசுகிறாள். அடிமை காலிபனை ‘தௌ’ என்று ஒருமையில் ஏசுகிறாள். அந்தக் காலிபனோ, தன் தாய் சைக்கோராக்ஸ் வழியாகத் தனக்கு வந்த தீவைப் பறித்துக்கொண்ட பிராஸ்பரோவை நேருக்கு நேர் அதே ‘தௌ’வில் குற்றம் சாட்டுகிறான். ஏவலுக்குக் கட்டுப்பட்ட ஆவியான ஏரியலும், வாக்களித்தபடி ஓராண்டைக் குறைத்துத் தன்னை விடுவிக்கும்படி நினைவூட்டும்போது எசமானை ஒருமையில்தான் அழைக்கிறது. நாம் கடவுளை ‘நீ’ என்பதைப் போன்ற நெருக்கமா, பொறுமை இழந்தவரின் வாய்த்துடுக்கா என்பது நடிப்பவர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் அப்படியொரு கேள்வி இருப்பதே இந்நூலைப் படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது.

அதைவிடக் கனமான பிழை முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் இருக்கிறது. காலிபனைக் கேடுகெட்ட அடிமை என்று இகழ்ந்து, உனக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று இடித்துரைக்கும் வசனம் 1623 தொகுப்பில் மிராண்டாவுடையது. இளம்பெண் வாயில் இவ்வளவு கடுமை பொருந்தாது என்று கருதி 1667-இன் தழுவலில் நாடகாசிரியர்கள் டிரைடனும் டேவனண்ட்டும், பிறகு 1733-இன் பதிப்பில் தியோபால்டும் அதைப் பிராஸ்பரோவுக்கு மாற்றினார்கள். இப்பதிப்பும் அப்படியே அச்சிட்டிருக்கிறது, ஒரு வரிக் குறிப்புகூட இல்லாமல். தந்தையின் ஆணைக்கு அடங்கிய மகளும் ஓர் எசமானிதான் என்பது இந்த ஓரிடத்தில் அப்பட்டமாகத் தெரியும். பெயரை மாற்றியதும் அவள் வெறும் நல்ல பெண்ணாகிவிடுகிறாள்.

காட்சிகள் அடுக்கப்பட்ட முறையைப் பற்றியும் குறிப்பாசிரியர் வாய் திறக்கவில்லை. விறகுச் சுமையோடு வரும் காலிபன், மதுப்புட்டியோடு வந்த மன்னரின் பணியாளன் ஸ்டெஃபனோவைப் புதிய எசமானாக ஏற்று, விடுதலை விடுதலை என்று பாடியபடி வெளியேறுகிறான். அடுத்த காட்சி திறக்கும்போது அதே மேடையில் நேப்பிள்ஸ் இளவரசன் ஃபெர்டினாண்ட் மரக்கட்டை சுமந்து நிற்கிறான். ஒருவனுக்கு அது விதி, மற்றவனுக்கு மிராண்டா மீதான காதலுக்கான சோதனை. நெருப்பு மூட்டவும் விறகு கொண்டுவரவும் காலிபன் இல்லாமல் நமக்கு ஆகாது என்று பிராஸ்பரோவே மகளிடம் ஒப்புக்கொள்ளும் வரிக்கு, ‘ஆகாது’ என்ற சொல்லின் பொருள் மட்டும் தரப்பட்டிருக்கிறது.

இறுதியில் எல்லோரும் மனம் ஒன்றுபடுவதாக முன்னுரை மகிழ்கிறது. நாடகம் அப்படிச் சொல்லவில்லை. அண்ணன் பிராஸ்பரோவின் ஆட்சியைப் பறித்த அன்டோனியோ, அவர் தரும் மன்னிப்புக்கு ஒரு சொல்லும் பதிலாகத் தருவதில்லை. ஐந்தாம் அங்கம் முழுவதிலும் அவன் பேசுவது ஒரே ஒருமுறை, அதுவும் காலிபனைப் பார்த்து, இந்த மீன், சந்தையில் விலைபோகும் என்று.

சொற்பொருளுக்காக மட்டும் வாங்குபவர்களுக்கு இந்த நூல் கொடுத்த விலைக்குக் குறைவில்லை. வகுப்பில் விவாதிக்க வேண்டியவர்கள் நூலகத்திலிருந்து அண்மைக் காலத்து ஆய்வுப் பதிப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மகளின் பிரதியில் அந்த வசனத்தின் மேல் மிராண்டாவின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.