தத்ரூபமா, கலைப்பாணியா? கேம் கிராஃபிக்ஸின் தீராத வழக்கு

2000-ஆம் ஆண்டு நிண்டெண்டோ நிறுவனம் தன் கேம்க்யூப் என்ற கேம் கருவியின் பலத்தைக் காட்ட, தத்ரூபமான ஒரு சின்னக் காட்சியைத் திரையிட்டது. செல்டா தொடரின் நாயகன் லிங்க், வில்லன் கேனன்டார்ஃபோடு வாள் வீசி மோதுகிறான். அடுத்த செல்டா இந்தத் தோற்றத்தில்தான் வரும் என்று ரசிகர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். மறு ஆண்டு காட்டப்பட்டதோ பெரிய கண்ணும் குட்டைக் காலுமாக ஒரு கார்ட்டூன் பையன். குழந்தைத்தனமாக இருக்கிறது என்று கொதித்துப் போனார்கள். 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளியான அந்த கேம்தான் தி விண்ட் வேக்கர்.

இன்று அதைப் போட்டுப் பாருங்கள். நீலக் கடலில் ஓடும் வெள்ளைக் கோடுகள், குண்டு வெடித்தால் சுருள் சுருளாக எழும் புகை, எல்லாம் நேற்று வரைந்த மாதிரி இருக்கின்றன. அதே தொடரில் 2006-ல் வந்த ட்வைலைட் பிரின்சஸ் தத்ரூபத்தின் பக்கம் சாய்ந்தது. கதையில் எனக்கு மிகப் பிடித்த செல்டா அதுதான். ஆனால் அதன் மங்கிய பாறைகளையும் தட்டையான புல்லையும் பார்த்ததும் அது எந்தக் காலத்து கேம் என்று சொல்லிவிடலாம்.

காரணம் எளிது. தத்ரூபமான கேமை நாம் நிஜத்தோடு ஒப்பிடுகிறோம், அப்புறம் அதற்குப் பின் வந்த எல்லா கேம்களோடும் ஒப்பிடுகிறோம். 2007-ல் கம்ப்யூட்டரின் முழு பலத்தையும் கேட்கும் கிராஃபிக்ஸோடு க்ரைசிஸ் வந்தபோது, ‘உன் கம்ப்யூட்டரில் க்ரைசிஸ் ஓடுமா?’ என்ற கேள்வி கேம் உலகின் பழமொழியாகவே ஆனது. அந்தக் காட்டின் பசுமை இன்றும் கண்ணை நிறைக்கிறது. ஆனால் அதன் மனித முகங்களைப் பாருங்கள், வயது தெரிந்துவிடும். நிஜத்தை நகலெடுக்காமல் தனக்கென ஒரு கலைப்பாணியில் வரைந்த விண்ட் வேக்கரின் புகையை ஒப்பிட நிஜத்தில் எதுவும் கிடையாது. அதனால் அது தோற்பதும் இல்லை.

எது நீடிக்கும் என்பதோடு வழக்கு முடிவதில்லை. ஆடும்போது கண் எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். விண்ட் வேக்கரில் லிங்கின் அந்தப் பெரிய கண்களைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். அறையில் முக்கியமான பொருள் ஏதாவது இருந்தால், நமக்கு முன்னால் அவன் பார்வை அதன் மேல் போய் நிற்கும். புதிரில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது, அவன் எங்கே பார்க்கிறான் என்று பார்த்தாலே போதும். மனித அளவில் கண்ணை வைத்திருந்தால் சற்றுத் தூரத்துக் கேமராவிலிருந்து இது தெரியவே தெரியாது. பலர் கேலி செய்த அந்தக் கண்கள் ஆட்டத்துக்காகவே அவ்வளவு பெரிதாக இருக்கின்றன.

டீம் ஃபோர்ட்ரெஸ் 2 இந்தச் சிந்தனையின் உச்சம். 1999-ல் வால்வ் நிறுவனம் அந்தத் துப்பாக்கிச் சண்டை கேமைக் காட்டியபோது வழக்கமான ராணுவச் சீருடை கேமாகத்தான் இருந்தது. 2007-ல் வெளிவந்ததோ வேறொரு கேம். ஜே.சி. லெயென்டெக்கர் போன்ற 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து விளம்பர ஓவியர்களின் பாணியில், ஒன்பது வகை வீரர்களுக்கும் ஒன்பது உடல்வாகு. முழுக்கக் கறுப்பு நிழலாக மாற்றினாலும் யார் யார் என்று சொல்லிவிடலாம். போதாதென்று, காலிலிருந்து மார்பை நோக்கிப் போகப் போக நிறம் வெளிச்சமாகும். துப்பாக்கி இருப்பது மார்புக்கு நேரே அல்லவா? எதிரே வருபவன் யார், கையில் என்ன வைத்திருக்கிறான் என்பது அரை நொடியில் புரிந்துவிடும்.

தத்ரூபத்துக்கு இந்த இடத்தில்தான் மூச்சு முட்டுகிறது. அறையில் இருக்கும் நூறு பொருள்களும் ஒரே நேர்த்தியோடு மின்னும்போது, எதைத் தொடலாம், எது வெறும் அலங்காரம்? 2023-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 மறு ஆக்கத்தில் உடைக்கக்கூடிய பெட்டிகள் மேல் மஞ்சள் பெயின்ட் பூசியிருந்தார்கள். அவ்வளவு உழைத்து இருண்ட கிராமம் ஒன்றைக் கட்டியெழுப்பிவிட்டு, அதன் மேலேயே பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் ஆட்டக்காரர்கள் தடுமாறுவார்கள் என்பதால்தான் பூசுகிறார்கள்.

சரி, தத்ரூபம் வீணா? இல்லவே இல்லை. முகம் என்று வந்துவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. 2011-ல் வந்த துப்பறியும் கேமான எல்.ஏ. நுவாரில் நடிகர்களின் முகத்தை 32 கேமராக்கள் சுற்றி நின்று பதிவு செய்தன. எதிரில் உட்கார்ந்திருப்பவர் பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் ஆட்டமே. உதடு ஒரு பக்கம் இழுபடுவதும், எச்சில் விழுங்குவதும், பார்வை நழுவுவதும் அங்கே துப்பு. ஆனால் உடலசைவைத் தனியாகப் பதிவு செய்தார்கள். அதனால் உயிருள்ள தலை ஒன்று பொம்மை உடம்பில் உட்கார்ந்திருப்பது போல் அவ்வப்போது தோன்றும். ஏறக்குறைய மனிதனைப் போலிருந்து முழுதும் ஒட்டாத உருவம் நம்மைச் சங்கடப்படுத்தும் என்று ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதிவிட்டார்; அந்தச் சங்கடத்தை ஒரு பள்ளத்தாக்கு என்றார். 2017-ல் வந்த ஹெல்பிளேட் அந்தப் பள்ளத்தைத் தாண்டியது. அதைச் செய்தது சுமார் இருபது பேர் கொண்ட குழு. அங்கே வீடியோ எடிட்டராக இருந்த மெலினா யூர்கன்ஸ்தான் நாயகி செனுவா. அவர் நேரே நம்மைப் பார்க்கும் காட்சிகளில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்திருக்கிறேன். அந்தப் பயத்தைக் கோட்டோவியத்தில் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2018-ல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இன்னொரு பாடம். ஆழ்ந்த பனியில் நடந்தால் பின்னால் தடம் விழும், சேற்றில் விழுந்தால் உடையில் ஒட்டும். அந்த உலகத்துக்கு எடை இருக்கிறது. அந்த எடையை நம் விரல்களும் சுமக்கின்றன: ஒவ்வொரு இழுப்பறையையும் நாயகன் ஆர்தர் கையால் திறந்து, ஒவ்வொரு டப்பாவாக எடுப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கும், அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

கலைப்பாணி என்றால் செலவு மிச்சம் என்று நினைப்பவர்களும் உண்டு. 2017-ன் கப்ஹெட்டைப் பார்த்தபின் அந்தப் பேச்சு நிற்க வேண்டும். 1930-களின் கார்ட்டூன் போல ஒவ்வொரு அசைவையும் காகிதத்தில் கையால் வரைந்தார்கள், பின்னணிகள் வாட்டர்கலர். 2014-ன் சண்டை கேமான கில்டி கியர் எக்ஸர்ட் முழுக்க 3டி. ஆனாலும் கையால் வரைந்தது போலத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக அமைத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வெளிச்சம் கொடுத்தார்கள்.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் கலைப்பாணியைத்தான் சொல்வேன். அதற்கு 2006-ல் வந்த ஓகாமி ஒன்றே எனக்குப் போதும். முதலில் அதைத் தத்ரூபமாகத்தான் செய்யத் தொடங்கினார்கள், பிளேஸ்டேஷன் 2 தாங்கவில்லை. ஜப்பானிய மைத்தூரிகை ஓவியத்துக்கு மாறினார்கள். மாறிய பிறகு தூரிகையே ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. ஒரு பட்டனை அழுத்தினால் உலகம் உறைந்து, திரை காகிதமாகும். வானத்தில் ஒரு வட்டம் வரைந்தால் சூரியன் உதிக்கும்.