ஜாக்சன் ஹைட்ஸின் பழைய கோ-ஆப்பா, லாங் ஐலண்ட் சிட்டியின் புது காண்டோவா?

2019 மே மாதம் நானும் மனைவியும் இரண்டு வீடுகளுக்கு நடுவே முடிவெடுக்க வேண்டியிருந்தது. இரண்டுமே ஒற்றைப் படுக்கையறை, இரண்டுமே நியூயார்க்கின் குவீன்ஸில், இரண்டுக்கும் அருகே ஏழாம் எண் ரயில். ஒன்று ஜாக்சன் ஹைட்ஸில் 1920களில் எழுந்த ஆறு மாடிச் செங்கல் கட்டடத்தில் ஒரு கோ-ஆப். மற்றது லாங் ஐலண்ட் சிட்டியில், கட்டிப் பத்து வருடம் ஆன கண்ணாடிக் கோபுரத்தில் ஒரு காண்டோ. கோ-ஆப்பை வாங்கினோம், இன்றும் அதில்தான் இருக்கிறோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்தே படியுங்கள்.

பலருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். காண்டோவில் வீடு உங்கள் பெயரில் பதிவாகும். கோ-ஆப்பில் வீடு உங்களுடையதல்ல. கட்டடத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனத்தில் பங்குகளை வாங்குகிறீர்கள், அந்தப் பங்குகளின் பேரில் உங்களுக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் குத்தகை கிடைக்கிறது. அதனால் காண்டோக் கடனுக்கு உள்ள அடமானப் பதிவு வரி கோ-ஆப்பில் கிடையாது. நாங்கள் எடுத்த 4 லட்சம் டாலர் கடனுக்கு அதன் 1.8 சதவீதம், அதாவது 7,200 டாலர் மிச்சம். லாங் ஐலண்ட் சிட்டியிலிருந்து மன்ஹாட்டனின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு ஒரே நிறுத்தம். அந்த வசதிக்கு ஜாக்சன் ஹைட்ஸ் ஈடாகாது. காண்டோவில் துணி துவைக்கும் இயந்திரம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இங்கே அடித்தளத்துக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வீட்டின் அமைப்பு என்று பார்த்தால் பழைய வீடுதான் என் மனதுக்கு நெருக்கம். ஒன்பதடி உயரக் கூரை, பக்கத்து வீட்டுப் பேச்சைத் தடுக்கும் தடித்த சுவர், வாசலை ஒட்டி ஒரு கட்டில் போடும் அளவுக்கு முன்னறை. அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கியபோது அந்த முன்னறைதான் அவர்கள் அறை. சமையலறை தனியாக, கதவோடும் ஜன்னலோடும் இருக்கிறது. காண்டோவில் அடுப்பு வரவேற்பறையிலேயே இருந்தது; அடுப்பின் மேலிருந்த விசிறி புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டி மறுபடி உள்ளேயே விட்டது. கடுகும் காய்ந்த மிளகாயும் தாளிக்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கட்டடங்களுக்கு நடுவே, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத நீண்ட தோட்டமும் இங்கே இருக்கிறது. எட்வர்ட் மெக்டூகலின் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் 1910களிலும் 20களிலும் இந்தப் பகுதியை எழுப்பியபோது, தோட்டத்தைச் சுற்றித்தான் வீடுகளை வகுத்தார்கள்.

அதே நிறுவனம் யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இங்கே இடம் தர மறுத்தது. அதை அறிந்த பிறகு, வாங்க வருபவரை ஏற்பதா என்று முடிவு செய்யும் கோ-ஆப் நிர்வாகக் குழுவான போர்டின் நேர்காணலில் உட்காருவது எனக்கு லேசாக இருக்கவில்லை. இரண்டு வருட வரிக் கணக்கு, வங்கி அறிக்கைகள், சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் கொடுத்தோம். மதுரையில் மனையை விற்று அப்பா அனுப்பிய பணத்துக்கு, அது கடன் அல்ல என்று சொல்லும் பரிசுக் கடிதமும் விற்பனைப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பும் கேட்டார்கள். இன, மதப் பாகுபாட்டைச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் காரணம் சொல்லாமலே எங்களை மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஆறு வாரம் காத்திருந்தோம். காண்டோவில் இந்தச் சோதனை இல்லை.

இனி நான் விரிவாகச் சொல்ல நினைப்பது: மாதாந்திரத் தொகை. எங்களை முடிவெடுக்க வைத்தது இதுதான்.

விளம்பரத்தில் கோ-ஆப்பின் மெயின்டனன்ஸ் 870 டாலர். காண்டோவுக்குக் காமன் சார்ஜ் (கட்டடத்தின் பொதுச் செலவுக்கான மாதக் கட்டணம்) 640, சொத்து வரி 40, மொத்தம் 680. இதைப் பார்த்ததும் எங்கள் நண்பர்கள் எல்லாரும் காண்டோ என்றார்கள். ஆனால் அந்த 870-இல் சொத்து வரி, குளிர்கால வெப்பம், வெந்நீர், கட்டடப் பராமரிப்பாளரின் சம்பளம், கட்டடத்தின் மேல் உள்ள கடனின் தவணை எல்லாம் அடங்கும். காண்டோவில் வீட்டைச் சூடாக்கும் செலவு நம் மின் கட்டணத்தில் தனியாக வரும். அதைவிடப் பெரிது அந்த 40 டாலர் வரி. அது புதுக் கட்டடங்களுக்கான 421-ஏ என்ற சொத்து வரிச் சலுகையால் வந்தது. அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த 15 வருடச் சலுகையில் முதல் 11 வருடம் முழு விலக்கு, பிறகு நான்கு வருடம் ஆண்டுக்கு 20 சதவீதமாக விலக்கு குறையும், பதினாறாம் வருடம் வரி முழுதாக வரும். நாங்கள் பார்த்தபோது பத்து வருடம் ஓடிவிட்டிருந்தது. முழு வரி மாதம் 700 டாலரைத் தாண்டும் என்று எங்கள் வழக்கறிஞர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதே கோபுரத்தில் குடியிருக்கும் நண்பர் இப்போது காமன் சார்ஜும் வரியும் சேர்த்து மாதம் 1,500 டாலருக்கு மேல் கட்டுகிறார். எங்கள் மெயின்டனன்ஸும் ஏறியிருக்கிறது, இப்போது 1,060.

கோ-ஆப்பிலும் இப்படி ஒளிந்திருக்கும் எண் ஒன்று உண்டு, கட்டடத்தின் கடன். கட்டடத்துக்கு 20 லட்சம் டாலர் கடன், மொத்தப் பங்குகள் 40,000, உங்களுடையது 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடனில் 20,000 டாலர் உங்கள் தலையில் இருக்கிறது. விற்பனை விலையில் அது தெரியாது. இத்தகைய கடன்கள் பலவற்றில் அசல் முழுவதும் தீருவதில்லை. தவணைக் காலம் முடியும்போது புதுக் கடன் வாங்கி அடைப்பார்கள். 2022-க்குப் பிறகு வட்டி ஏறிய நேரத்தில் அப்படி மாற்ற நேர்ந்த கட்டடங்களில் மெயின்டனன்ஸ் தாவியது. எங்கள் கட்டடக் கடன் 2029-இல் முதிர்கிறது என்பதைக் கணக்கறிக்கையின் பின்குறிப்பில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டோம். கட்டடம் நிற்கும் நிலம் கோ-ஆப்புக்குச் சொந்தமா, குத்தகையா என்பதையும் அங்கேயே பாருங்கள். குத்தகை நிலம் என்றால் நான் தொடவே மாட்டேன்.

பழைய கட்டடம் என்றால் பழுதுச் செலவு கொன்றுவிடும் என்கிறார்கள். பாதி உண்மை. ஜாக்சன் ஹைட்ஸ் 1993-இல் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஜன்னலை மாற்றவும், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் நகரின் லேண்ட்மார்க்ஸ் ஆணையத்தின் அனுமதி வேண்டும், அதற்கேற்ற ஜன்னல் விலையும் கூடுதல். வீட்டுக்குள் மின்கம்பிகள் பழசு. ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் துண்டிக்கும். மறுபக்கம், ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளிச்சுவர் சோதனை செய்ய வேண்டும் என்ற நகரச் சட்டம் எங்கள் ஆறு மாடியைத் தொடாது. அந்தச் சோதனையும் அதற்குக் கட்டும் சாரமும்தான் உயரமான பழைய கட்டடங்களின் சேமிப்பைக் கரைப்பவை. ஆனால் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கரிம உமிழ்வுக்கு உச்சவரம்பு வைக்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்கும் உண்டு. 2030-இல் வரம்பு இறுகும்போது எங்கள் நீராவிக் கொதிகலனுக்கு என்ன செலவாகும் என்று போர்டில் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

விற்பது பற்றி என் அனுபவம் மிகக் குறைவு, நான் இன்னும் விற்றதில்லை. மூன்றாம் மாடியில் ஒருவர் விற்றபோது, அவருக்குக் கிடைத்த முதல் ஆளை போர்டு மறுத்ததால் நான்கு மாதம் தள்ளிப்போனதைப் பார்த்தேன். வாடகைக்கு விடுவதிலும் கட்டுப்பாடு உண்டு. எங்கள் கட்டடத்தில் இரண்டு வருடம் குடியிருந்த பிறகுதான் விடலாம், அதுவும் ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் மட்டுமே. நாலைந்து வருடத்தில் ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவருக்கு, வரிச் சலுகை எந்த ஆண்டு முடிகிறது என்று பார்த்துவிட்டு, நான் காண்டோவைத்தான் சொல்வேன். எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை. 74-ஆம் தெருவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வருகிறோம்.